டாட்காம் பங்குகளின் விலைச் சண்டை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1990களின் பிற்பாதியில் அமெரிக்கச் சந்தையில் இணையக் கம்பெனிகளின் பங்கு விலை கண்மண் தெரியாமல் ஏறியது. அந்த விலை தகுமா தகாதா என்று முதலீட்டாளர்கள் ஐந்து வருடம் மல்லுக்கட்டினார்கள். இதைப் பற்றிப் பேச்செடுத்தாலே வரிசையாக வந்து விழும் கேள்விகளும், என் கணக்கில் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

இந்தச் சண்டை எங்கே தொடங்கியது?

1995 ஆகஸ்ட் 9 என்று வைத்துக்கொள்ளலாம். பிரவுசர் தயாரித்த நெட்ஸ்கேப் அன்று சந்தைக்கு வந்தது. ஆரம்பித்து ஒன்றரை வருடம்கூட ஆகாத கம்பெனி, லாபம் கிடையாது. 28 டாலருக்கு ஒதுக்கிய பங்கு 71 டாலரில் கைமாறத் தொடங்கி, மாலையில் 58.25 டாலரில் நின்றது. லாபம் வரும்வரை காத்திருந்துதான் ஐபிஓ (பொதுமக்களுக்கு முதல் பங்கு விற்பனை) போக வேண்டும் என்ற பழைய வழக்கம் அன்றோடு போனது.

அடுத்த வருடம் டிசம்பர் 5-ஆம் தேதி, அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் ஆலன் கிரீன்ஸ்பான் ஓர் இரவு விருந்துப் பேச்சில், அறிவுக்குப் பொருந்தாத உற்சாகம் சொத்து விலைகளை ஊதிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என ஒரு கேள்வியைப் போட்டார். தொழில்நுட்பக் கம்பெனிகள் நிறைந்த நாஸ்டாக் சந்தையின் குறியீடு அப்போது 1,300 புள்ளிகள் அளவில் இருந்தது. பிறகு 5,000-ஐத் தாண்டியது. 2002-இல் மறுபடியும் 1,300-க்குக் கீழே வந்தது. கிரீன்ஸ்பான் சொன்னதைக் கேட்டு விற்றவர் மூன்று வருடம் ஊராரின் கேலியைப் பொறுத்திருக்க வேண்டும்; ஆறாவது வருடம், விற்றதைவிடக் குறைந்த விலையில் திரும்ப வாங்கியிருக்கலாம். இடையில் அவர் மனைவி மக்களிடம் என்ன பேச்சு வாங்கியிருப்பார் என்பது தனிக் கதை.

இணையம் ஜெயிக்குமா தோற்குமா என்பதுதானே வாதம்?

இல்லை. பலரும் இங்கேதான் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். இணையம் உலகத்தை மாற்றப்போகிறது என்பதை எதிர்த்தரப்பிலும் பெரும்பாலோர் ஒப்புக்கொண்டார்கள். பெயர்பெற்ற முதலீட்டாளர் வாரன் பஃபெட் 1999-இல் பேசியதும் எழுதியதும் இதே தொனியில்தான். மோட்டார் கார் அமெரிக்காவையே மாற்றிப்போட்டது. கார் தயாரிக்க ஏறக்குறைய 2,000 கம்பெனிகள் கிளம்பின. கடைசியில் மிஞ்சியவை மூன்று, அந்த மூன்றும் பங்குதாரருக்குப் பெரிதாக எதுவும் அள்ளிக் கொடுத்துவிடவில்லை. விமானமும் அப்படியே என்றார்.

ஆக, ஒரு தொழில்நுட்பம் சமூகத்துக்குத் தரும் பலன் வேறு, அதில் எத்தனை காசு கம்பெனியின் கல்லாவில் தங்கும் என்பது வேறு. பலன் வாடிக்கையாளருக்கே போய்விடலாம், மலிவு விலையாக, வேகமாக, இலவசமாக. சண்டை முழுவதும் இந்த இடைவெளியைப் பற்றித்தான். விலையேற்றத்தை நம்பியவர்களைக் காளைகள் என்றும், விழும் என்றவர்களைக் கரடிகள் என்றும் சந்தையில் சொல்வது வழக்கம். நானும் அப்படியே எழுதுகிறேன்.

காளைகளின் பேச்சில் ஏதாவது சரக்கு இருந்ததா, எல்லாம் வெறும் கனவுதானா?

இருந்தது, நிறையவே. பின்னால் விழுந்துவிட்டது என்பதற்காக எல்லோரையும் முட்டாள் ஆக்குவது சுலபம்.

முதலாவது, கணக்கு எழுதும் முறை. ஒரு தொழிற்சாலை இயந்திரம் வாங்கினால் அந்தச் செலவைப் பத்து வருடத்துக்குப் பிரித்து எழுதலாம். இணையக் கடை ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க விளம்பரத்துக்குச் செலவழித்தால், அவர் பத்து வருடம் தொடர்ந்து வாங்கினாலும், மொத்தச் செலவும் இந்த வருடக் கணக்கிலேயே ஏறும். அதனால் ஏட்டில் தெரியும் நஷ்டத்தில் ஒரு பங்கு உண்மையில் முதலீடு என்றார்கள். நியாயமான வாதம். ஆனால் அந்த வாடிக்கையாளர் திரும்ப வருவாரா என்பதில்தான் மொத்தமும் தொங்குகிறது.

இரண்டாவது, முந்திக்கொண்டவருக்கே எல்லாம் என்ற வாதம். ஏல இணையதளத்தில் விற்பவர்கள் அதிகமானால் வாங்குபவர்கள் வருவார்கள். வாங்குபவர்கள் வந்தால் விற்பவர்கள் வருவார்கள். ஈபே இதற்குச் சரியான உதாரணம், அது அப்போதே லாபத்திலும் இருந்தது. தப்பு எங்கே என்றால், நாய்த் தீனி விற்ற கடையும் இதே வாதத்தைக் கடன் வாங்கிக்கொண்டது. நான் ஒரு கடையில் நாய்த் தீனி வாங்குவதால் அடுத்தவருக்கு அந்தக் கடை எந்த வகையிலும் மேலானதாக ஆகிவிடாது.

மூன்றாவதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், அது பணப்புழக்கம். அமேசானில் ஒருவர் இன்று புத்தகம் வாங்கினால் கிரெடிட் கார்டு பணம் சில நாட்களில் கம்பெனிக்கு வந்துவிடும். பதிப்பாளருக்கோ வாரக்கணக்கில் கழித்துக் கொடுத்தால் போதும். நடுவில் அடுத்தவர் காசு இவர்கள் கையில். விற்பனை ஏற ஏற இந்தக் கைமாற்றும் பெருகும், வட்டியில்லாக் கடன் மாதிரி. லெக் மேசன் ஃபண்டை நடத்திய பில் மில்லர், மலிவு விலைப் பங்குகளைத் தேடி வாங்குபவர் என்று பெயர் எடுத்தவர். அவரே அமேசானை வாங்கி வைத்ததற்கு இந்தப் பணச் சுழற்சி ஒரு காரணம்.

இதன் மறுபக்கத்தை 2000 ஜூனில் லேமன் பிரதர்ஸின் கடன் ஆய்வாளர் ரவி சூரியா எடுத்து வைத்தார். வளர்ச்சி மந்தமானால் இதே சக்கரம் தலைகீழாகச் சுற்றும், சப்ளையர்கள் முன்பணம் கேட்பார்கள், கையிருப்பு கரையும் என்றார். அவர் பயந்தபடி நடக்கவில்லை. அதற்கு ஒரு முக்கியக் காரணம், அந்த பிப்ரவரியிலேயே அமேசான் ஐரோப்பாவில் பத்திரம் வெளியிட்டு 69 கோடி யூரோ திரட்டி வைத்திருந்தது. சந்தை உடைவதற்குச் சில வாரங்கள்தான் இருந்தன. ஒரு மாதம் தள்ளிப்போட்டிருந்தால் இந்தப் பக்கத்தை நான் வேறு மாதிரி எழுதிக்கொண்டிருப்பேன்.

லாபமே இல்லாத கம்பெனிக்கு எப்படி விலை போட்டார்கள்?

பார்வையாளர்களின் தலையை எண்ணினார்கள். மாதம் எத்தனை பேர் வருகிறார்கள், எத்தனை பக்கம் பார்க்கிறார்கள், எத்தனை நிமிடம் தங்குகிறார்கள். இதற்குக் 'கண்கள்' என்றே பெயர். ஒரு ஜோடிக் கண்ணுக்கு இவ்வளவு டாலர் என்று பெருக்கினால் விலை ரெடி.

அந்த 'இவ்வளவு டாலர்' எங்கிருந்து வந்தது? போன மாதம் இன்னொரு இணையதளம் விலைபோன கணக்கிலிருந்து. பக்கத்து மனை என்ன விலைக்குப் போனது என்று விசாரித்துத் தன் மனைக்கு விலை சொல்வது போல. பக்கத்து மனைக்காரரும் இவர் மனையைக் காட்டித்தான் விலை சொன்னார் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. தெருவில் ஒருவராவது அந்த மனையில் வீடு கட்டினால் என்ன வாடகை வரும் என்று கேட்டிருக்க வேண்டும்.

விற்பனைத் தொகையை வைத்துக் கணக்குப் போட்டால் பாதுகாப்பு இல்லையா?

லாபத்தை ஜோடிக்கலாம், விற்பனையை ஜோடிக்க முடியாது என்று அன்று பலர் நம்பினார்கள். பயண டிக்கெட் விற்ற இணையதளமான ப்ரைஸ்லைனின் கணக்கைப் பார்ப்போம். 1999-இன் மூன்றாவது காலாண்டில் வருவாய் 15.2 கோடி டாலர் என்று காட்டியது. டிக்கெட்டுக்கும் ஹோட்டல் அறைக்கும் வாடிக்கையாளர் கொடுத்த முழுத்தொகை அது. அதில் 13.4 கோடி விமானக் கம்பெனிகளுக்கும் ஹோட்டல்களுக்கும் போய்ச் சேர்ந்தது. மிச்சம் 1.8 கோடி.

சாதாரண டிராவல் ஏஜெண்ட் தன் கமிஷனை மட்டும்தான் வருவாயாக எழுதுவார். ப்ரைஸ்லைன் எழுதியதில் சட்ட மீறல் ஒன்றும் இல்லை. டிக்கெட்டின் விற்பனையாளர் தானே என்று அது வாதிட இடம் இருந்தது. ஆனால் விற்பனையைப் போல 20 மடங்குதானே சந்தை மதிப்பு என்று ஆறுதல் பட்டுக்கொண்டவர், உண்மையில் கையில் தங்கும் காசைப் போல 170 மடங்கு கொடுத்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு வித்தையும் உண்டு. இரண்டு இணையதளங்கள் ஒன்றின் விளம்பரத்தை மற்றொன்றில் போட்டுக்கொள்ளும். ஒரு பைசா கைமாறாது. இரண்டும் அதை வருவாயில் எழுதும், செலவிலும் எழுதும். நிகரம் பூஜ்யம்தான், ஆனால் விற்பனை வளர்ந்தது போல் தெரியும். கணக்கியல் விதிகளை வகுப்பவர்கள் பிற்பாடு இதற்குக் கடிவாளம் போட்டார்கள்.

பி.ஈ. விகிதம் 100 என்றால் அப்படி என்ன அநியாயம்? வளர்ச்சி இருந்தால் சரியாகிவிடுமே?

பங்கின் விலையை ஒரு பங்குக்கு வரும் வருட லாபத்தால் வகுத்தால் வருவதுதான் பி.ஈ. பேனா எடுத்துப் போட்டுப் பாருங்கள். பங்கு விலை 100 டாலர், ஒரு பங்குக்கு லாபம் 1 டாலர். லாபம் வருடத்துக்கு 30 சதவீதம் வீதம் பத்து வருடம் இடைவிடாமல் வளர்கிறது என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். முடிவில் லாபம் 13.8 டாலர். அதற்குள் கம்பெனி முதிர்ந்துவிடும், சந்தை 20 மடங்கு கொடுக்கும். விலை 276 டாலர். உங்களுக்குக் கிடைத்தது வருடத்துக்கு 10.7 சதவீதம்.

பத்து வருடம் 30 சதவீத வளர்ச்சி என்பது விரல் விட்டு எண்ணக்கூடிய கம்பெனிகள் செய்த சாதனை. அந்தச் சாதனை நடந்தாலே உங்களுக்கு வருவது சாதாரண வருமானம்தான். வளர்ச்சி 15 சதவீதமாக இருந்தால்? அதுவும் நல்ல வளர்ச்சிதான். லாபம் 4 டாலர், விலை 81. பத்து வருடம் காத்திருந்து, போட்ட முதலிலேயே கை வைத்த கதை.

பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரமி சீகல், நீண்ட காலத்துக்குப் பங்குகளே சிறந்தவை என்று வாதாடி வந்தவர். அவரே 2000 மார்ச் 14-ஆம் தேதி பத்திரிகையில் எழுதி, 100-க்கு மேல் பி.ஈ. கொண்ட பெரிய தொழில்நுட்பப் பங்குகளை வாங்குவது ஏமாளித்தனம் என்றார். நாஸ்டாக் உச்சம் தொட்டு நான்கு நாள் ஆகியிருந்தது. கரடிகள் சொல்வது வழக்கம்தான் என்று தட்டிவிட முடியாத வாய் அது.

வளர்ச்சியைப் பற்றிய புள்ளிவிவரங்களாவது உண்மையா?

இணையப் போக்குவரத்து 100 நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது என்ற வாசகம் அன்று வேதவாக்கு. வேர்ல்ட்காம் என்ற தொலைத்தொடர்புக் கம்பெனியின் யூயூநெட் பிரிவிலிருந்து கிளம்பியது; 1998-இல் அமெரிக்க வர்த்தகத் துறையின் அறிக்கையிலேயே ஏறிவிட்டது. ஏடி அண்ட் டி ஆய்வகத்தில் இருந்த ஆண்ட்ரூ ஒட்லிஸ்கோ கணக்கெடுத்துப் பார்த்தார். 1995-96-இல் கொஞ்ச காலம் அந்த வேகம் இருந்தது உண்மை. அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒருமுறைதான் இரட்டிப்பு.

வித்தியாசம் சின்னதாகத் தெரிகிறதா? வருடம் ஒருமுறை இரட்டித்தால் மூன்று வருடத்தில் 8 மடங்கு. 100 நாளுக்கு ஒருமுறை என்றால் சுமார் 2,000 மடங்கு. இந்த 2,000-ஐ நம்பித்தான் கண்டம் விட்டுக் கண்டம் கண்ணாடியிழைக் கேபிள் புதைத்தார்கள்.

அமேசானுக்கு 400 டாலர் என்று சொன்னவர் யார்?

ஹென்றி பிளாட்ஜெட். சிஐபிசி ஓப்பன்ஹைமர் என்ற இரண்டாம் வரிசைப் பங்கு நிறுவனத்தின் அனலிஸ்ட், அதாவது பங்குகளை ஆராய்ந்து பரிந்துரைப்பவர். 1998 டிசம்பர் 16 அன்று, 242 டாலரில் இருந்த அமேசான் ஒரு வருடத்தில் 400 தொடும் என்று எழுதினார். அன்று ஒரே நாளில் பங்கு 46 டாலர் ஏறியது. மெரில் லிஞ்சின் ஜோனதன் கோஹன் எதிர்ப்பக்கம் நின்றார். அவர் கணக்கில் 50 டாலர் பெறும்.

ஒரே கம்பெனி, ஒரே கணக்குப் புத்தகம், இருவரும் தொழில் தெரிந்தவர்கள், விலையோ எட்டு மடங்கு வித்தியாசம். எதிர்காலத்தைப் பற்றிய அனுமானத்தில் ஓர் இழை நகர்ந்தால் விடை எவ்வளவு நகரும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

ஒரு வருடம் என்று சொன்னதை அமேசான் ஒரே மாதத்துக்குள் எட்டியது. அடுத்த சில வாரங்களில் கோஹன் மெரில் லிஞ்சை விட்டுப் போனார். அவர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் பிளாட்ஜெட்.

அப்படியானால் அனலிஸ்டுகள் தெரிந்தே பொய் சொன்னார்களா?

எல்லோரும் அல்ல, நம்பியே சொன்னவர்கள் நிறைய. ஆனால் அவர்களுக்குச் சம்பளம் வந்த வழி அப்படி. அவர்கள் வேலை பார்த்த நிறுவனங்களே கம்பெனிகளின் ஐபிஓவையும் நடத்திக் கொடுத்தன. ஐபிஓ வேலையைப் பிடித்துத் தரும் அனலிஸ்டுக்குத்தான் பெரிய போனஸ். வாடிக்கையாளர் கம்பெனியை 'விற்றுவிடுங்கள்' என்று எழுதினால் அடுத்த வேலை எதிர்க்கடைக்குப் போய்விடும்.

2002-இல் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் எலியட் ஸ்பிட்சர், வெளியில் பரிந்துரைத்த பங்குகளைப் பிளாட்ஜெட் உள்ளுக்குள் மட்டமாகத் திட்டியிருந்த மின்னஞ்சல்களை வெளியிட்டார். மெரில் லிஞ்ச் 10 கோடி டாலர் கட்டியது. 2003-இல் பத்து பெரிய நிறுவனங்கள் சேர்ந்து சுமார் 140 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டன. பிளாட்ஜெட் குற்றத்தை ஏற்கவோ மறுக்கவோ செய்யாமல் 40 லட்சம் டாலர் கட்டி, பங்குத் தொழிலிலிருந்து ஆயுளுக்கும் விலக்கப்பட்டார்.

முதல் நாளே 600 சதவீதம் ஏறியது எப்படி சாத்தியம்?

சரக்கு குறைவு, கூட்டம் அதிகம். 1998 நவம்பர் 13 அன்று தி குளோப் டாட்காம் 9 டாலருக்கு வந்து 63.50-இல் முடிந்தது. 1999 டிசம்பர் 9 அன்று விஏ லினக்ஸ் 30 டாலரிலிருந்து 239.25-க்குப் போனது. கம்பெனியின் சிறு துண்டை மட்டும் சந்தையில் விடுவார்கள். நிறுவனர்களும் ஊழியர்களும் வைத்திருப்பது வழக்கமாக 180 நாளுக்குப் பூட்டப்பட்டிருக்கும். அந்தத் துண்டுக்கு மோதுபவர்கள் வைக்கும் விலையை மொத்தப் பங்குகளால் பெருக்கி, கம்பெனியின் மதிப்பு இத்தனை நூறு கோடி என்று மறுநாள் பேப்பரில் போடுவார்கள். உள்ளே இருப்பவர்களில் பாதிப்பேர் அதே விலைக்கு விற்க முடியுமா என்று பூட்டுத் திறக்கும் நாளில்தான் தெரியும். 1999-இன் ஐபிஓக்களுக்கு 2000-இன் முதல் பாதியில் வரிசையாகப் பூட்டுத் திறந்தது.

பாம், த்ரீகாம் கதை என்ன? அடிக்கடி காதில் விழுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த கதை, ஏனென்றால் இதில் எதிர்காலத்தைக் கணிக்கவே வேண்டாம், கூட்டல் கழித்தல் போதும்.

த்ரீகாம் என்ற கம்பெனிக்குச் சொந்தமானது பாம், கையடக்கக் கணினி செய்யும் பிரிவு. 2000 மார்ச் 2 அன்று பாமின் சுமார் 5 சதவீதப் பங்குகளை ஐபிஓவில் விற்றார்கள். மீதி 95 சதவீதத்தைச் சில மாதங்களில் த்ரீகாம் பங்குதாரர்களுக்கே பிரித்துத் தருவதாக அறிவித்தார்கள், ஒரு த்ரீகாம் பங்குக்கு ஒன்றரைக்குச் சற்று மேற்பட்ட பாம் பங்கு வீதம்.

ஆக, ஒரு த்ரீகாம் பங்கின் விலை குறைந்தது ஒன்றரை பாம் பங்கின் விலையாவது இருக்க வேண்டும். த்ரீகாமுக்கு வேறு தொழிலும் இருந்தது, பங்குக்குச் சுமார் 10 டாலர் ரொக்கமும் இருந்தது. அன்று மாலை பாம் 95.06 டாலர். ஒன்றரைக்கு மேல் பெருக்கினால் ஏறக்குறைய 145. த்ரீகாம் எவ்வளவில் நின்றது? 81.81.

அதாவது பாமை நீக்கிவிட்டுப் பார்த்தால் த்ரீகாமின் மீதித் தொழிலுக்கும் ரொக்கத்துக்கும் சந்தை போட்ட விலை பங்குக்கு மைனஸ் 63 டாலர், மொத்தத்தில் மைனஸ் 2,200 கோடி டாலர். சட்டைப் பையில் தங்கக் காசு தைத்த சட்டையைத் தங்கக் காசைவிடக் குறைந்த விலைக்கு விற்பது போல. ரகசியமும் இல்லை, மறுநாளே பத்திரிகைகள் எழுதின. அப்புறமும் பல வாரங்கள் இந்தக் கோணல் நீடித்தது. விலையில் எல்லாத் தகவலும் அடக்கம் என்று வாதிடுபவர்களை நான் இந்த ஒரு கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்வேன்.

தவறு தெரிந்தவர்கள் ஷார்ட் செய்து சம்பாதித்திருக்கலாமே?

ஷார்ட் என்றால் பங்கைக் கடன் வாங்கி விற்றுவிட்டு, விலை விழுந்த பிறகு வாங்கித் திருப்பிக் கொடுப்பது. பாமை ஷார்ட் செய்ய முதலில் யாரிடமாவது பாம் பங்கைக் கடன் வாங்க வேண்டும். சந்தையில் இருந்ததே 5 சதவீதம். கடன் கொடுக்க ஆள் இல்லை, கிடைத்தாலும் வாடகை எக்கச்சக்கம்.

கடன் கிடைக்கும் பங்குகளிலும் வேறு ஆபத்து. 100 டாலரில் ஷார்ட் செய்கிறீர்கள். கம்பெனி திவாலாகும் என்பது உங்கள் கணிப்பு, இரண்டு வருடத்தில் அது பலிக்கவும் செய்கிறது. நடுவில் பங்கு 300-க்குப் போகிறது. புரோக்கர் தினமும் கூடுதல் மார்ஜின் (ஈட்டுப் பணம்) கேட்பார். 200 டாலர் நஷ்டத்தை நீங்கள் தாங்கிக்கொள்ள வேண்டும், உங்களிடம் பணம் போட்டவர்களும் தாங்கிக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் அவர்கள் தாங்குவதில்லை. ஷார்ட்டில் கிடைக்கும் லாபத்துக்கு 100 என்ற உச்சவரம்பு உண்டு, நஷ்டத்துக்குக் கிடையாது.

பேசாமல் ஒதுங்கி நின்றவர்களுக்கு என்ன ஆனது?

1999-இல் நாஸ்டாக் 85.6 சதவீதம் ஏறியது. அந்த வருடம் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் பங்கு 20 சதவீதம் இறங்கியது. பெரியவருக்குக் காலம் முடிந்துவிட்டது என்று எழுதினார்கள். கம்பெனி அவர் கையில் இருந்ததால் யாரும் வெளியே அனுப்ப முடியவில்லை.

மற்றவர்களுக்கு அந்த வசதி இல்லை. டைகர் ஃபண்டின் ஜூலியன் ராபர்ட்சன் இணையப் பங்குகளைத் தொடவில்லை. பணம் போட்டவர்கள் ஒவ்வொருவராகத் திருப்பிக் கேட்டார்கள். 2000 மார்ச் 30 அன்று கடையை மூடுவதாக அறிவித்தார். நாஸ்டாக்கின் உச்சம் மார்ச் 10. இருபதே நாள். தான் சொன்னது பலிக்க ஆரம்பித்துவிட்டது என்று அன்று அவருக்கே தெரியாது.

இன்னும் பரிதாபம், நடுவில் கட்சி மாறியவர்கள். ஜார்ஜ் சோரஸின் குவாண்டம் ஃபண்டை நடத்திய ஸ்டான்லி டிரக்கன்மில்லர் 1999 தொடக்கத்தில் இணையப் பங்குகளை ஷார்ட் செய்து அடிபட்டார். பிறகு திரும்பி, தொழில்நுட்பப் பங்குகளை வாங்கி வருட இறுதிக்குள் விட்டதைப் பிடித்தார். 2000 வசந்தத்தில் மறுபடி சிக்கி, ஏப்ரலில் பதவியை விட்டார். இரண்டு பக்கமும் நின்று இரண்டு பக்கமும் அடி.

பெயரில் டாட்காம் சேர்த்தாலே விலை ஏறியது என்பது உண்மையா?

உண்மை. கூப்பர், டிமிட்ரோவ், ராவ் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2001-இல் வெளியிட்ட கணக்குப்படி, பெயர் மாற்ற அறிவிப்பை ஒட்டிய பத்து நாளில் சந்தையைவிட 74 சதவீதம் கூடுதல் ஏற்றம். அந்தக் கம்பெனிக்கு இணையத்தோடு எவ்வளவு தொடர்பு என்பது பெரிய வித்தியாசம் செய்யவில்லை.

கடைசியில் உடைத்தது எது?

ஒற்றைக் காரணம் தேடாதீர்கள். மத்திய வங்கி 1999 ஜூன் முதல் 2000 மே வரை ஆறு முறை வட்டியைக் கூட்டி 6.5 சதவீதத்துக்குக் கொண்டுபோனது. 2000 மார்ச் 20 அன்று பேரன்ஸ் வார இதழ் 207 இணையக் கம்பெனிகளின் கையிருப்பை அவை மாதம் எரிக்கும் தொகையால் வகுத்துப் பார்த்து, 51 கம்பெனிகளுக்கு ஒரு வருடத்துக்குள் பணம் தீர்ந்துவிடும் என்று எழுதியது. எவரும் ஒரு வகுத்தலில் கண்டுபிடித்திருக்கக்கூடிய விஷயம்தான். ஆனால் புதுப் பணம் வந்துகொண்டே இருக்கும் வரை அந்த வகுத்தலுக்கு அர்த்தம் இல்லை. வராது என்ற சந்தேகம் வந்ததும் அது மட்டுமே அர்த்தமானது. ஏப்ரல் 14 அன்று ஒரே நாளில் நாஸ்டாக் 355 புள்ளிகள் விழுந்தது. அந்த ஒரு வாரத்தில் நான்கில் ஒரு பங்கு போனது.

மார்ச் 10-இல் 5,048.62-இல் முடிந்த குறியீடு 2002 அக்டோபர் 9-இல் 1,114.11. பழைய உச்சத்தைத் திரும்பப் பார்க்க 2015 ஏப்ரல் வரை ஆயிற்று.

மோசமான கம்பெனிகள் அழிந்தன, நல்லவற்றை வாங்கியவர்கள் தப்பித்தார்கள், அப்படித்தானே?

செல்லப் பிராணிகளின் தீனி விற்ற பெட்ஸ் டாட்காம் 2000 பிப்ரவரியில் ஐபிஓ, அதே நவம்பரில் மூடல். மளிகையை வீட்டுக்கே கொண்டுவந்து தந்த வெப்வேன் 2001 ஜூலையில் திவால். இவற்றைச் சொல்லிச் சிரிப்பது எளிது. சிஸ்கோவைப் பார்த்தால் சிரிப்பு வராது.

இணையத்தின் குழாய்களையும் வால்வுகளையும் செய்த கம்பெனி. நிஜ லாபம், நிஜ வாடிக்கையாளர்கள், திறமையான நிர்வாகம். யார் ஜெயித்தாலும் சிஸ்கோவிடம் வாங்கித்தான் ஆக வேண்டும், அதனால் பாதுகாப்பான பந்தயம் என்றார்கள். 2000 மார்ச் கடைசியில் மைக்ரோசாஃப்டை முந்தி உலகிலேயே மதிப்பு மிக்க கம்பெனி ஆனது. மதிப்பு சுமார் 55,000 கோடி டாலர். அந்த நிதியாண்டின் லாபம் சுமார் 267 கோடி. 200 மடங்குக்கு மேல்.

விற்பனை அந்த வருடம் சுமார் 1,900 கோடி டாலர். 2025-இல் அதைப்போல மூன்று மடங்கு. கம்பெனிக்கு ஒரு குறையும் இல்லை. 80 டாலருக்கு வாங்கியவர் அந்த 80-ஐத் திரும்பப் பார்த்தது 2025 டிசம்பரில்.

சரி, அமேசானுக்கு 400 சரியா, 50 சரியா?

பங்குப் பிரிப்பைக் கணக்கில் எடுத்தால்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். 1999-இல் அமேசான் ஒரு பங்கை மூன்றாகவும், பின்பு ஒன்றை இரண்டாகவும் பிரித்தது. ஆக 1998 டிசம்பரின் ஒரு பங்கு 1999 முடிவில் ஆறு பங்கு.

1999 டிசம்பரில் உச்சத்தில் ஒரு பங்கு 107 டாலர் அளவில் முடிந்தது. ஆறால் பெருக்கினால் பழைய கணக்கில் 640. பிளாட்ஜெட் சொன்னதையும் தாண்டிவிட்டது. 2001 இலையுதிர் காலத்தில் 6 டாலருக்குக் கீழே போனது. பழைய கணக்கில் 36. கோஹன் சொன்ன 50-கூட அன்று அதிகம்தான்.

அந்த வருடத்தின் கடைசிக் காலாண்டில்தான் அமேசான் முதன்முதலாக லாபம் காட்டியது. பங்குக்கு 1 சென்ட்.